ஒரு பிடி அரிசியும் ஒரு டம்ளரும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா இருக்கிறது. அத்தை, அதாவது என் மாமியார், தினமும் உலைக்கு அரிசி எடுத்ததும் அதிலிருந்து ஒரு பிடியை அந்த டப்பாவில் போடுவார். மாதக் கடைசியில் டப்பாவைத் துணிப்பையில் கவிழ்த்துக் கட்டி, எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி ஊற்றுகிற சன்மார்க்க சங்கத்துக்காரரிடம் கொடுத்துவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், பதினெட்டு வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் படுத்தால்கூட அங்கிருந்தே "போட்டியாளா?" என்று குரல் வரும்.

அதே சமையலறையின் பின்பக்க ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். விளிம்பில் ஒரு நசுங்கல். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி கொடுப்பதற்கான டம்ளர் அது. குடித்ததும் அவரே கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார். மற்ற டம்ளர்களோடு அது சேராது.

சாமி நம்பிக்கை மனிதரை இரக்கமுள்ளவராக்குமா, அல்லது நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் இரக்கம் அதிகமா என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது இந்த டப்பாவும் இந்த டம்ளரும்தான். இரண்டையும் வைத்தது ஒரே கை.

எனக்கு நம்பிக்கை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பால்பல் விழுகிற மாதிரி வலியில்லாமல் விழுந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் வந்த கர்வம் லேசில் போகவில்லை. சாமி கும்பிடுகிறவர்கள் சொர்க்கத்துக்குச் சீட்டு வாங்குவதற்காக நல்லது செய்கிறார்கள், நாங்கள் எந்தக் கூலியும் எதிர்பார்க்காமல் செய்கிறோம், ஆகவே எங்கள் இரக்கம்தான் சுத்தமானது என்று நானே நம்பிக்கொண்டு, கல்லூரியில் பலபேர் காதைத் தின்றிருக்கிறேன். 2015 நவம்பரில் இதற்கு அறிவியல் ஆதாரமே கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அமெரிக்கா, கனடா, சீனா, ஜோர்டான், துருக்கி, தென்னாப்பிரிக்கா என்று ஆறு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்து, கிடைக்காத பிள்ளைகளுக்கு எத்தனை கொடுப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகளைவிட மதமில்லாத வீட்டுப் பிள்ளைகள் அதிகம் பகிர்ந்தார்களாம். உலகமெல்லாம் பத்திரிகைகளில் வந்தது. நானும் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தேன், நக்கலாக ஒரு வரியும் சேர்த்து.

அந்த ஆய்வை 2019இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணத்தைப் படித்தால் சிரிப்பு வரும். நாடுகளை அடையாளம் காட்டுவதற்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருந்தார்கள், கணக்குப் போடும்போது அதையே அளவு மாதிரி எடுத்துக்கொண்டார்கள், இரண்டாம் எண் நாடு என்றால் முதல் எண் நாட்டைப் போல இரண்டு மடங்கு என்கிற மாதிரி. சரியாகப் போட்டுப் பார்த்ததும், பகிர்வதில் இருந்த வித்தியாசம் பெரும்பாலும் எந்த நாட்டுப் பிள்ளை என்பதால் வந்ததே ஒழிய வீட்டில் சாமி இருக்கிறதா இல்லையா என்பதால் வந்ததல்ல என்று தெரிந்துவிட்டது. நான் அதைப் படித்தது திரும்பப் பெற்று ஒரு வருடம் கழித்து. பழைய பதிவை அழிக்கவில்லை, அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நம்மவர்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற "நாசா வியந்த கோயில்" வகையறாவுக்கு நான் சிரித்த சிரிப்பும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பதிவைப் போட்டு மூன்று வாரத்தில் வெள்ளம் வந்தது. அப்போது முடிச்சூர்ப் பக்கம் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். டிசம்பர் முதல் தேதி ராத்திரி தண்ணீர் படியேறியதும் மாடி வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். இரண்டு குடும்பம், ஏழு பேர், ஒரு டார்ச். மூன்றாம் நாள் மதியம் மார்பளவு தண்ணீரில் நான்கு பையன்கள் ஒரு டயர் ட்யூபைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையில் குல்லா, ட்யூபின் மேல் பிளாஸ்டிக் கூடை, கூடை நிறைய எலுமிச்சைச் சாதப் பொட்டலம். கயிறு கட்டி மேலே இழுத்தோம். அத்தை வெளியில் கை நனைக்காதவர், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யார் சமையல் என்று விசாரித்துவிட்டு உட்காருகிறவர். எட்டிப் பார்த்து "யாரு தம்பி பொங்கினது?" என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. ஒரு பையன் அண்ணாந்து பார்த்து, "பள்ளிவாசல்ல வச்சுப் பொங்கினது பாட்டி, சுத்த சைவம்தான்" என்றான். அவன் பதிலில் கோபமே இல்லை. இதே கேள்வியை அன்று காலையிலிருந்து எத்தனை மாடியில் கேட்டிருப்பார்களோ.

அத்தை ஒரு பொட்டலம் முழுவதும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, உப்பு தூக்கல் என்றார்.

இதை வைத்து ஒரு நெகிழ்ச்சிக் கதை எழுதலாம், அந்த டிசம்பரில் நிறையப் பேர் எழுதினார்கள். நான் எழுதாததற்குக் காரணம், தண்ணீர் வடிந்து, வீட்டைக் கழுவி, புது அடுப்பு வாங்கிய முதல் நாளே அரிசி டப்பா அரிசி டிரம்முக்குப் பக்கத்திலும், டம்ளர் ஜன்னல் திண்டிலும் போய் உட்கார்ந்துவிட்டன. வெள்ளம் இரண்டையும் அடித்துக்கொண்டு போகவில்லை.

ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன், அந்த அரிசி யாருக்குப் போகிறது என்று தெரியுமா?

"யாருக்கோ. எனக்கென்ன தெரியும்?"

பாவமாக இருக்குமா, பசியோடு இருப்பவர்களை நினைத்தால்?

"பாவமும் இல்ல புண்ணியமும் இல்ல. உலை வைக்கும்போது எடுத்து வைக்கணும். எங்கம்மா வச்சா, நானும் வைக்கேன். அதுக்குப் போயி என்னத்த நினைக்க?"

உண்மையைச் சொன்னால் அத்தை இளகிய மனசுக்காரர் இல்லை. வாசலில் கை நீட்டுகிறவர்களை "உழைச்சுச் சாப்பிடத் தெரியாதா" என்று விரட்டுவார். டிவியில் குழந்தை அழுகிற காட்சி வந்தால் சேனலை மாற்றிவிட்டு வெண்டைக்காய் நறுக்குவதைத் தொடர்வார். நான் நேர் எதிர். ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் ஒரு வீடியோ வந்தால் போதும், அழுது, மூக்கைச் சிந்தி, அப்போதே பணம் அனுப்பிவிடுவேன்.

சரி, கணக்குப் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். அத்தை கைப்பிடி அரிசியைத் தராசில் வைத்தால் 38 கிராம் வந்தது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 14 கிலோ. ரூபாயில் ஆயிரத்தைத் தாண்டாது. நான் ஜிபேயில் பின்னால் தள்ளிப் பார்த்தேன், அந்த வருடம் ஒன்பது தடவை, மொத்தம் பதினோராயிரத்து ஐந்நூறு. அப்படியானால் நான்தானே ஜெயித்தேன்? ஆனால் தேதிகளைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. ஒன்பதும் ராத்திரி பத்து மணிக்கு மேல், ஒன்பதும் ஏதோ ஒரு வீடியோவுக்கு அப்புறம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஒன்றுகூட இல்லை. அந்த ஆறு மாதம் ஊரில் யாருக்கும் பசிக்கவில்லையா, எனக்கு வீடியோ வரவில்லையா?

இதையே ஆராய்ச்சியாகவும் செய்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது, இந்தத் தடவை திரும்பப் பெற்றதா என்று பார்த்துவிட்டுத்தான் படித்தேன். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. அதில் ஒரு பகுதியில் நூறு பேரில் சிலருக்குச் சாதாரணக் காட்சியும், மற்றவர்களுக்கு ஏழைக் குழந்தைகளைப் பற்றிய உருக்கமான காட்சியும் காட்டிவிட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து முன்பின் தெரியாதவரோடு பகிரச் சொன்னார்கள். மதப்பற்று குறைந்தவர்கள் உருக்கமான காட்சியைப் பார்த்தபின் தாராளமாகக் கொடுத்தார்கள். மதப்பற்று அதிகமுள்ளவர்களிடம் எந்தக் காட்சி என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. மொத்தத்தில் யார் வள்ளல் என்று அந்த ஆய்வு தீர்ப்புச் சொல்லவில்லை, அது சொன்னது இவ்வளவுதான்: நம்பிக்கை இல்லாதவர் கொடுப்பது அவர் மனசு இளகுவதைப் பொறுத்து இருக்கிறது, நம்பிக்கையாளர் கொடுப்பது அந்த அளவுக்கு அதைப் பொறுத்து இல்லை. படித்துவிட்டுச் சமையலறையைப் பார்த்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மதங்கள் இதில் கெட்டிக்காரத்தனமானவை. மனசை நம்பினால் காரியம் நடக்காது என்று என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டன, அதனால் இரக்கத்தைத் தூக்கி நேரங்காலத்தில் கட்டி வைத்துவிட்டன. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்னாலேயே ஃபித்ரா அரிசி ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், கொடுக்கத் தோன்றுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டம் என்றே நடத்தினார். மிசோரம் பிரெஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910இல் ஆரம்பித்தது எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். அங்கே அதற்குப் பெயர் புஃபாய் தாம், ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசி தனியே, பிறகு அதை வீடு வீடாகச் சேகரித்து விற்றுச் சபை வேலைக்குப் பயன்படுத்துவார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நிற்கவில்லை, இன்று அந்தப் பிடி அரிசி பல கோடி ரூபாய். மிசோரத்துக்காரிக்கும் என் மாமியாருக்கும் என்ன தொடர்பு? பானையும் கையும்தான்.

வடலூர் இன்னும் பெரிய விஷயம். 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அதற்கு நிலம் தேடினார், பார்வதிபுரத்துக்காரர்கள் 80 காணி கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கே கரண்டி பிடிக்கிறவருக்குக் காலையில் பெண்டாட்டியோடு சண்டையா, மனசு சரியில்லையா, அதெல்லாம் வரிசையில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை, சாதமும் சாம்பாரும் தட்டில் விழும்.

இதுவரைக்கும் படித்துவிட்டு, கடைசியில் இவளும் கோயில் பக்கம் போய்விட்டாள் என்று நினைக்கிறவர்களுக்காக அந்த டம்ளரை மறுபடி எடுக்கிறேன்.

1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி. அமெரிக்க மிஷன் மருத்துவர் வீட்டுக்கு, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர் கதவைத் திறக்கிறார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா வருவார் என்கிறார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போகிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. கடவுள் கூப்பிட்டார் என்றுதான் அவர் வந்தார், அதைச் சந்தேகப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் திரும்பிப் போன மூன்று பேரும் பக்திமான்கள்தான். அவர்களும் மனைவி சாக வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள், ராத்திரியில் ஓடி வந்தவர்கள்தானே. கொண்டவள் உயிருக்கும் மானம் மரியாதைக்கும் நடுவில் எந்த வேலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. நேரம் குறித்துக் கொடுத்த அதே கை வேலியும் போட்டுக் கொடுத்திருக்கிறது. தினமும் தவறாமல் பிடி அரிசி போட வைக்கிற பழக்கம்தான் தினமும் தவறாமல் அந்த டம்ளரைத் தனியே கவிழ்க்கவும் வைக்கிறது. "எங்கம்மா வச்சா, நானும் வைக்கேன்" என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

வள்ளலாரிடமும் வேலி இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. புலால் சாப்பிடுகிறவர்களைப் புறவினத்தார் என்று பிரித்தார். ஆனால் பசி என்று வந்தால் அவர்களுக்கும் போட்டே ஆக வேண்டும் என்றார். வேலி போட்டார், ஆனால் அதைச் சோற்றுப் பானையைச் சுற்றிப் போடவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் பேசுவதே பல நேரம் வீண் என்றும் தோன்றுகிறது, ஏனென்றால் அவசரமும் பயமும் வந்தால் இரண்டு கட்சியும் ஒன்றுதான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியாராகப் படிக்கிற 40 மாணவர்களை வைத்து நடத்தி, 1973இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. பேசுவதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள், வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமினான். நேரமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஒருவர்தான் நின்றார், நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள். இதில் பாதிப் பேர் பேசப் போனதே அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றி. சிரிக்காதீர்கள். தாம்பரம் ரயில்வே சுரங்கப்பாதையில் காலை எட்டரை மணிக்கு ஒருவர் விழுந்து கிடந்தபோது குடித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 8.40 வண்டியைப் பிடித்தவள் நான். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரைப் புதைக்க விடாமல் சென்னையில் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தார்களே, எறிந்தவர்களில் யார் நெற்றியில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்? சக மருத்துவர் ஒருவர் தானே வண்டி ஓட்டிப் போய், இரண்டு மருத்துவமனை ஊழியர்களோடு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார். அவருக்குச் சாமி உண்டா இல்லையா என்பதும் எனக்குத் தெரியாது.

எங்கள் கட்சியிலும் டப்பா வைத்தவர்கள் உண்டு. ஆந்திராவில் கோரா நாத்திக மையம் நடத்தினார், 1977 நவம்பரில் திவிசீமாவைப் புயல் வாரிக்கொண்டு போனபோது அங்கே நிவாரணத்துக்குப் போனவர்களில் அந்த மையத்தாரும் உண்டு. அவருடைய மகன் லவணமும் மருமகள் ஹேமலதாவும் ஸ்டூவர்ட்புரத்தில் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட மக்களோடு வருடக்கணக்கில் இருந்து வேலை செய்தார்கள். திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தில், யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளைகளைப் பெரியாரும் மணியம்மையாரும் வளர்த்தார்கள். வீடியோ பார்த்து அழுதுவிட்டு வந்தவர்கள் இல்லை இவர்கள், தினசரி வேலையாகச் செய்தவர்கள். அப்புறம், டீக்கடைகளில் இரட்டைக் குவளையை ஒழிக்கத் தலித் மக்களோடு சேர்ந்து பெரியார் தொண்டர்களும் இடதுசாரிகளும் தெருவில் இறங்கினார்கள். சோறு போடுவதை இரக்கம் என்கிறோம், குவளையை உடைப்பதை ஏனோ அரசியல் என்று தனியாக வைத்துவிடுகிறோம். அந்தக் குவளையில் குடிக்க வேண்டியிருந்தவரைக் கேட்டால் எது இரக்கம் என்று சொல்வார்.

இவ்வளவு பேசுகிறேனே, எங்கள் வீட்டு ஜன்னல் திண்டு டம்ளரில் பதினாறு வருடம் பாதி நாள் காபி ஊற்றிக் கொடுத்தது நான்தான். நாத்திகம் ஒரு பக்கம், வீட்டில் சண்டை வேண்டாம் என்பது ஒரு பக்கம். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன், அது என் இரக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் நானும் ஒரு டப்பா வைத்துப் பார்த்தேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் குக்கர் விசில் அடித்தபிறகுதான் ஞாபகம் வந்தது, பதிமூன்றாம் நாள் அதுவும் வரவில்லை. அத்தை சிரித்தார், "ஒனக்குல்லாம் வராதுளா" என்று. தோற்றுப்போய் வங்கியில் சொல்லி மாதம் ஐந்தாம் தேதி ஐந்நூறு ரூபாய் தானாகப் போகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டேன், ஒரு குழந்தைகள் விடுதிக்கு. இப்போது எனக்கு ஞாபகமும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். அத்தைக்கு இது புரியவே இல்லை. "கையே படலியே, அது எப்படி நீ கொடுத்ததாகும்?" என்கிறார். எனக்கும் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

அதே வாரம் அந்த நசுங்கின டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அலமாரியில் வைத்தேன். வேலைக்கு வரும் அக்கா மறுநாள் திண்டைத் துழாவிவிட்டு "என் கிளாஸ் எங்க பாப்பா?" என்று பதறினார், ஏதோ தொலைத்துவிட்டதாகத் திட்டு விழும் என்கிற பயம் முகத்தில். கையில் கிடைத்த ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். சமையலறைக்குள் நின்று குடிக்க அவருக்குக் கூச்சம், பின்வாசலுக்கே போய்க் குடித்தார், இன்றும் அங்கேதான் குடிக்கிறார். அத்தை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நானும் சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வசனங்களை மடித்து உள்ளே வைத்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அலமாரியில் ஒரு டம்ளர் குறைந்தது. அத்தை தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்ப் பூஜை அறையில் திருநீற்று மரவைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.